பித்தத்துக்கு ஒரு புது வாசல்

வார்டில் அந்த நோயாளியை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். கண்ணெல்லாம் மஞ்சள், ராத்திரி முழுக்க அரிப்பு. கணையத் தலையில் புற்று, பித்தநாளம் அடைப்பு. ஒரு காலத்தில் சர்ஜனை விட்டால் கதி கிடையாது.

1937-ல் ஹனாயில் ஹுவார்டும் டோ சுவான் ஹோப்பும் தோல் வழியே கல்லீரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தநாளத்தைப் படம் பிடித்தார்கள். பிற்பாடு அதே பாதையில் குழாய் வைத்துப் பித்தத்தை வடிக்க முடிந்தது. ஆனால் விலாவில் தொங்கும் பையோடு மனுஷன் எப்படிப் படுப்பான், எப்படிக் கல்யாண வீட்டுக்குப் போவான்?

1968-ல் வாஷிங்டனில் மெக்கூன் வாய் வழியே நாளத்தின் துவாரத்தை எட்டினார். 1974-ல் எர்லாங்கனிலும் கியோட்டோவிலும் அந்தத் துவாரத்தை வெட்டி விரித்தார்கள். ஹாம்பர்க்கில் சோஹேந்திரா ஸ்டென்ட் வைத்தார். அப்புறம் ஈ.ஆர்.சி.பி. ராஜ்ஜியம்தான். ஆனால் கட்டி டியோடினத்தையே அடைத்துவிட்டால்? மறுபடி பைதான்!

1980 வாக்கில் எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்டைப் பொருத்தினார்கள். முதலில் பரவலான கருவியில் சுற்றுவட்டப் படம் தெரியும், ஊசி போகும் வழி தெரியாது. தொண்ணூறுகளில் வந்த லீனியர் கருவியில்தான் ஊசி முழு நீளமும் கண்ணுக்குத் தெரிந்தது. 1996-ல் வியர்சீமா அதன் வழியே நாளத்துக்குள் சாயம் செலுத்தினார். 2001-ல் மார்சேயில் ஜியோவானினி டியோடினத்திலிருந்தே நாளத்தைக் குத்தி, கம்பி விட்டு, ஸ்டென்ட் வைத்தார். டிசெக்ஷன் ஹால் ஞாபகம் இருக்கிறதா? டியோடினத்தின் முதல் பகுதிக்கு நேர் பின்னால்தானே பொதுப் பித்தநாளம் இறங்குகிறது! இரைப்பையை ஒட்டிக் கல்லீரலின் இடது மடல். 2003-ல் அந்த வழியும் திறந்தது. கம்பியை மட்டும் மேலிருந்து கீழே இறக்கி, வழக்கமான ஈ.ஆர்.சி.பி.யை முடிக்கும் உபாயமும் வந்தது.

இதில் ஆபத்தும் உண்டு. இரண்டு உறுப்புகளும் ஒட்டியவை அல்ல. இடையில் பித்தம் கசியும். ஸ்டென்ட் நழுவி வயிற்றறைக்குள் விழுந்தால் உயிருக்கே மோசம். பிளாஸ்டிக் போய் உறை போட்ட உலோக ஸ்டென்ட் வந்தது. அப்புறம் இருபுறமும் விளிம்பு அகன்ற, நூல்கண்டு மாதிரியான ஸ்டென்ட் இரு சுவர்களையும் சேர்த்துப் பிடித்தது. 2023-ல் வெளியான இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகளில், நாளத்தின் கீழ்ப்பகுதிப் புற்றடைப்புக்கு இதையே முதல் சிகிச்சையாகச் செய்து பார்த்தார்கள். ஈ.ஆர்.சி.பி.க்கு இது சளைக்கவில்லை, நேரமும் குறைவு.

ஆனால் கல்லீரல் வாசலிலேயே அடைப்பு என்றால், வலது பக்க நாளங்கள் இரைப்பையிலிருந்து சுலபத்தில் எட்டாது. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு இன்றைக்கும் விலாப் பைதான்.