அறிமுகக் கடிதம் இல்லாத சிறுவர்கள்

1883 செப்டம்பர் 15 அன்று பம்பாயின் பைகுல்லாவில், அப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்றிருந்த கட்டடத்தில் எட்டுப் பேர் கூடினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அன்று பிறந்தது. எண்மரில் இருவர் மட்டுமே இந்தியர்: ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன். இருவரும் மருத்துவர்கள். (பின்னவர், குழந்தைமண வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றத்தையே திகைக்க வைத்துப் பின்னர் மருத்துவரான ருக்மாபாயின் வளர்ப்புத் தந்தை. தாவரவியலில் அவர் ஆற்றிய பணி இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை.)

கூட்டம் நடந்த இடமும் கவனத்துக்குரியது. அந்த அருங்காட்சியகம் விக்டோரியா தோட்டத்தை ஒட்டியே எழுந்தது. மக்கள் வழக்கில் அத்தோட்டம் ராணி பாக். வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் முயற்சியால் 1862இல் திறக்கப்பட்டு, 1873இல் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகள் சூழ வளர்ந்த பகுதி அது. ஆக, மரங்கள் பொதுமக்கள் உலவும் தோட்டத்தில் இருந்தன; மரங்களைப் பற்றிய அறிவு சில அடி தொலைவில், உறுப்பினர் சந்தாவுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ளே இருந்தது. கழகத்தின் ஆய்விதழ் 1886 முதல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது.

பொதுப் பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் வாயிற்கதவின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எப்போது திறந்தார்கள், யாரை விட்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பவை தேவையான கேள்விகளே. ஆனால் உள்ளே சென்றவனுக்கு அங்கே எவர் எதைச் சொல்லித் தந்தார் என்ற கேள்வி அவற்றில் காணாமற் போகிறது.

சாலிம் அலியின் இளமைக் கதை இதற்குத் தக்க சான்று. பெற்றோரை இழந்து தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியின் வீட்டில் வளர்ந்த அச்சிறுவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பது கண்டு வியந்தான். மாமன் கழகத்தின் உறுப்பினர். அவர் தந்த அறிமுகத்துடன் சிறுவன் கழகச் செயலர் மில்லர்டைச் சந்தித்தான். பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகள் அவனுக்காகத் திறந்தன. இந்நிகழ்வை ஆர்வத்தின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். அதே குருவியை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அவன் யாரிடம் போயிருப்பான்? ஆர்வம் இருவருக்கும் பொது. மாமன் ஒருவனுக்கு மட்டுமே.

அந்த மாமனின் இடத்தை ஒரு நிறுவனம் ஏற்க முடியும் என்பதற்கும் சாலிம் அலியின் வாழ்விலேயே சான்று உண்டு. 1926இல் பம்பாயின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில், புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு விளக்கவுரையாளராக மாதம் 350 ரூபாய் ஊதியத்தில் அவர் அமர்த்தப்பட்டார். பார்க்க வருவோருக்கு எடுத்துச் சொல்வதே வேலை. பின்னர் பறவையியல் கற்க ஜெர்மனி சென்று 1930இல் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர் கிஹிம் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்று தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தது பறவையியலுக்குப் பெரும் பேறாயிற்று. வாழ்க்கை வரலாறுகள் அங்கே தாவிவிடுகின்றன. அருங்காட்சியகத்தில் விளக்கம் கேட்க ஆளில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பற்றி எழுதுவாரில்லை. கட்டடம், கண்ணாடிப் பெட்டி, பாடம் செய்த விலங்கு எதையும் அகற்றவில்லை. சொல்லித் தருபவரை மட்டும் அகற்றினார்கள். சிக்கனம் முதலில் கைவைக்கும் இடம் அன்றும் அதுதான்.

1983இல் உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, முதியவரான சாலிம் அலி மாஹிமில் ஒரு மரக்கன்றை நட்டார். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில், நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்ட நிலம் அது. எண்மர் கூடி ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருந்தது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் 1991இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டு, 1994 ஏப்ரல் 22 அன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. அழகுத் தோட்டமாக அன்றி, தொடக்கம் முதலே கல்விக்கான இடமாக அது திட்டமிடப்பட்டது. ராணி பாக்கில் தோட்டம் ஓரிடம், கற்றல் வேறிடம் என்றிருந்த பிளவு இங்கே அடிப்படையிலேயே மறுக்கப்பட்டது. குப்பைமேடு காடான வரலாறே அங்கு முதற் பாடம்.

ஆயினும் அண்மை மட்டும் போதாது. தாராவிப் பிள்ளைகள் தமிழ், மராத்தி, இந்தி, உருது வழிகளில் பயில்பவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் உண்டு. பாட்டி ‘புங்கை’ என்று சொல்லும் மரம் மராத்தியில் ‘கரஞ்ச்’; தாவரவியல் பெயரோ வேறு. மூன்றும் ஒரே மரம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெயர்ப்பலகை அந்த வேலையை ஓரளவே செய்யும். அந்த நிலமும் முற்றிலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டு நிற்கவில்லை: பூங்கா தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் சேராது என்று அரசு உயர்நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டிய நிலைகூட வந்தது.

ராணி பாக்கிலோ கதவே மீண்டும் கேள்வியாயிற்று. 2017இல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. தென்கொரியாவிலிருந்து கொணர்ந்த பெங்குவின்களுக்குக் குளிரூட்டப்பட்ட இருப்பிடம் திறந்த ஆண்டும் அதுவே. நாள்தோறும் பேசப்பட்டவை பெங்குவின்களும் கட்டணமும். அதே வளாகத்தில் ஒன்றரை நூற்றாண்டாக நிற்கும் மரங்களைக் காட்டி, இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொந்தன்புளி, இன்ன காரணத்தால் இதன் அடிமரம் இப்படிப் பருத்திருக்கிறது என்று சொல்ல எத்தனை பேர் ஊதியத்தில் இருக்கிறார்கள் என்பது அந்த விவாதத்தில் எழவே இல்லை.