திரும்பத் திரும்ப எழுதிய சுவர்

1977 ஆகஸ்டில் வேல்ஸின் வடகிழக்கிலுள்ள ரெக்ஸம் நகரில் தேசிய ஐஸ்தெத்வோட் நடந்தது. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று இடம் மாறி நடக்கும் விழா அது. கவிதைக்கும் பாட்டுக்கும் அங்கே போட்டி உண்டு. மேடையில் வெல்ஷ் மொழி மட்டுமே. அங்கே பால் டேவிஸ் என்ற கலைஞர் ரயில் ஸ்லீப்பர் கட்டை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். கட்டையில் ‘டபிள்யூ’, ‘என்’ என்று இரண்டே ரோமன் எழுத்துகள். கை ஓய்ந்துபோகும் வரை நின்றார். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஸ்லீப்பர் கட்டையை ஏலத்தில் எடுத்து மாட்டுத் தொழுவத்துக்கு உத்தரமாகப் போடுவார்கள். வண்டியிலிருந்து ஒரு கட்டையை இறக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த நிகழ்த்துகலையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோள்தான் வலித்தது. அர்த்தமெல்லாம் பிறகுதான் வந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை கிடைப்பதற்கு முன் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தேன். மகள் மேற்கு வேல்ஸில், அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊரில் மருத்துவமனை வேலையில் இருக்கிறாள். அவளோடு போய்த் தங்கும் காலங்களில் அந்த ஊர் மேட்டிலிருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து அந்நாட்டு ஓவியர்களைப் பற்றிப் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. இடத்தையும் மொழியையும் பற்றிய வேல்ஸின் இன்றைய கலைக்கு வேர் கலைப்பள்ளிகளில் இல்லை. பிள்ளைகள் கழுத்தில் தொங்கிய ஒரு மரத்துண்டிலும், தெருவோரத்து இடிசுவர் ஒன்றிலும் இருக்கிறது.

மரத்துண்டை முதலில் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில், வகுப்பில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறிய மரச்சில்லைக் கயிற்றில் கோத்து மாட்டினார்கள். ‘வெல்ஷ் நாட்’ என்பது அதன் பெயர். அதன் முதலெழுத்துகள்தாம் டேவிஸின் கட்டையில் இருந்தவை. அதை மாட்டிக்கொண்டவன், அடுத்து யார் வாயிலிருந்து வெல்ஷ் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். கேட்டதும் சில்லு அந்தப் பிள்ளை கழுத்துக்குப் போகும். பள்ளி விடும் நேரத்தில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு அடி. பிள்ளையைக் கொண்டே பிள்ளையை ஒற்றுப்பார்க்க வைத்த ஏற்பாடு இது. அரசாங்கம் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள் செய்தார்கள். பிள்ளை ஆங்கிலம் கற்று முன்னுக்கு வரட்டும் என்று பெற்றோர் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிறர் கை மட்டும் செய்த கொடுமை என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். அப்படி எளிதாக இல்லாததால்தான் இதன் காயம் இவ்வளவு நாள் ஆறாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். கார்டிஃப் நகருக்கு அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இந்தச் சில்லைக் காணலாம். பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மேலே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் உண்டு. வேல்ஸின் கல்வி நிலையை ஆராய லண்டன் அனுப்பிய ஆணையர்கள் மூவர். மூவருமே ஆங்கிலேயர், ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. 1847இல் வெளிவந்த அவர்கள் அறிக்கை, மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் அவர்கள் மொழியும் அவர்கள் தொழும் சபைகளும் காரணம் என்ற தொனியில் இருந்தது. அந்த அறிக்கையின் தொகுதிகள் அட்டையின் நிறத்தால் ‘நீலப் புத்தகங்கள்’ என்று பெயர் பெற்று, இன்றைக்கும் துரோகம் என்ற சொல்லோடு சேர்த்தே அங்கே பேசப்படுகின்றன.

பால் டேவிஸும் அவர் சகோதரர் பீட்டர் டேவிஸும் நண்பர்களோடு சேர்ந்து ‘பெக்கா’ என்ற கலைக்குழுவை நடத்தினார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. 1839 மே மாதம், தென்மேற்கு வேல்ஸில் எவைல்வென் என்ற சிற்றூரில், ஆண்கள் பெண் உடுப்பு உடுத்திக்கொண்டு இரவில் வந்து சுங்கக் கதவை உடைத்தார்கள். சுண்ணாம்பு ஏற்றிய வண்டிக்குக்கூட கதவுக்குக் கதவு காசு கேட்டதில் நொந்துபோன குடியானவர்கள் அவர்கள். தலைமை தாங்கியவரை ‘ரெபெக்கா’ என்று அழைத்தார்கள். விவிலியத்தில் ரெபெக்காளின் சந்ததி பகைவரின் வாசல்களைக் கைக்கொள்ளும் என்று வரும் வாழ்த்திலிருந்து எடுத்த பெயர். ரெபெக்காவின் சுருக்கம் பெக்கா. 20ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் தங்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதிலேயே அவர்கள் எந்த வாசலை நோக்கிப் போனார்கள் என்பது விளங்கும். பால் டேவிஸ் 1993இல் இளவயதிலேயே இறந்துபோனார்.

அந்தக் குழுவில் பிறகு சேர்ந்தவர் யூவான் பாலா. எனக்கு மிகவும் நெருக்கமாகப்படும் ஓவியர் இவர்தான். 1956இல் வடக்கு வேல்ஸில், பாலா என்ற ஏரிக்கரை ஊருக்கு அருகே சார்னை என்ற சிற்றூரில் பிறந்தவர். பாலாவின் பெயரையே தம் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டார். வேல்ஸின் வரைபடத்தை விடாமல் வரைந்துகொண்டே இருக்கிறார். ஒரு தடவை அது மனித உருவம், ஒரு தடவை கடலில் தனியே மிதக்கும் தீவு. ஓரங்களில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் கையெழுத்தாகச் சொற்கள் ஓடும். சில படங்களில் எது கோடு, எது எழுத்து என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1997இல் அவர் பிறந்த ஊருக்கு அருகே, பாலாவிலேயே நடந்த ஐஸ்தெத்வோடில் நுண்கலைக்கான தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1999இல் அவர் தொகுத்த நூல் வேல்ஸ் கலைஞர்களைக் காவல்காரர்களாகப் பார்த்தது. கைக்கு வந்த பண்பாட்டைக் கெடாமல் வைத்திருந்து, புழங்கி, அடுத்த கைக்குக் கொடுப்பதும் கலைஞனின் வேலைதான் என்ற எண்ணம் அது. புதுமை ஒன்றே கலை என்று எங்கள் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பாடத்தைவிட இவர் சொல்வது எனக்கு உண்மையாகப் படுகிறது.

இவர் பிறந்த இடத்தையும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலாவுக்குச் சற்று மேற்கே ட்ரவெரின் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே காப்பெல் கெலின் என்று ஒரு கிராமம்: ஒரு சிற்றாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஓர் அஞ்சலகம், சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். யாழிசைக்கு எதிராக வேறொரு மெட்டில் செய்யுள் பாடும் பழைய கலைக்கு அந்தப் பக்கம் பேர்போனது. பள்ளத்தாக்கின் ஒரு பண்ணையில் 17ஆம் நூற்றாண்டில் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழுதார்கள். அவர்களில் சிலர் துன்புறுத்தலுக்கு அஞ்சி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள்.

1955இன் முடிவில் இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சி, இந்தப் பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்பத் திட்டமிட்டது. ஆலைகளுக்கும் பெருகும் வீடுகளுக்கும் தண்ணீர் தேவை என்றது. லிவர்பூலும் வேல்ஸும் அந்நியமல்ல. வேலை தேடிப்போன வேல்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நகரத்தைக் கட்டியிருந்தார்கள்; 1900லும் 1929லும் தேசிய ஐஸ்தெத்வோடே அங்கே நடந்திருக்கிறது. ஆனால் அதே மாநகராட்சி 1880களிலேயே ல்லான்வுத்தின் என்ற வேல்ஸ் கிராமத்தை ஒரு நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடித்தும் இருந்தது. இம்முறை அது நேரே நாடாளுமன்றத்துக்குத் தனி மசோதா கொண்டுபோனது. அந்த வழியில் போனால் வேல்ஸின் உள்ளூர்த் திட்ட அதிகாரிகள் எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. 1956 நவம்பரில் காப்பெல் கெலின் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு லிவர்பூல் போய் வீதிகளில் பதாகை பிடித்து நடந்தார்கள். வேல்ஸுக்கு அப்போது 36 நாடாளுமன்ற உறுப்பினர்கள். 35 பேர் எதிர்த்தார்கள், ஒருவர் வாக்களிக்கவில்லை. 1957 ஆகஸ்டில் மசோதா சட்டமாகிவிட்டது. ஒரு நாடே சேர்ந்து வேண்டாமென்றும் ஒன்றும் நடக்கவில்லை என்ற இந்தக் கணக்குதான் வேல்ஸ் மக்கள் மனதில் ஆழமாக இறங்கியது. ஊர் போனதைவிட ஆழமாக இறங்கியது என்றே சொல்வேன்.

1963இல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. செப்டம்பரில் ஆலயத்தில் கடைசி வழிபாடு. பள்ளத்தாக்கில் இருந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போனது. 12 வீடுகளும் பண்ணைகளும் நீருக்கடியில். பள்ளத்தாக்கின் வழியே ஓடிய ரயில் பாதையும் போயிற்று. கல்லறையில் கிடந்தவர்களில் எட்டுப் பேரை மட்டும் உறவினர்கள் வேறிடம் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். கெலின் ஏரி என்று பெயரிட்ட அந்த நீர்த்தேக்கத்தை 1965 அக்டோபர் 21இல் திறந்துவைத்தார்கள். நூற்றுக்கணக்கில் கூடிய எதிர்ப்பாளர்கள் ஒலிபெருக்கிக் கம்பிகளை அறுத்தார்கள். விழா சில நிமிடங்களில் முடிந்தது. அங்கிருந்து லிவர்பூலுக்குக் குழாய் கிடையாது. ஏரியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் ஆற்றோடு ஆறாக டீ நதியில் கலந்து போய், எல்லைக்கு அந்தப்புறம் செஸ்டர் அருகே இறைத்தெடுக்கப்படுகிறது. லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது 2005இல்.

யூவான் பாலா குழந்தையாக நடைபழகிய ஆண்டுகளில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடந்தது இது. அவர் வேல்ஸைத் தீவாக வரைவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கெலின் ஏரியின் கரை நினைவுக்கு வருகிறது.

இனி சுவர். அபெரிஸ்ட்விதிலிருந்து கடலோரமாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில், ல்லான்ரிஸ்டிட் என்ற ஊருக்கு அருகே, கூரை போன பழைய குடிசை ஒன்றின் கற்சுவர் நிற்கிறது. 1960களின் முற்பகுதியில் மைக் ஸ்டீஃபன்ஸ் என்ற இளைஞர் அதில் பெயின்ட்டால் இரண்டே சொல் எழுதினார். ட்ரவெரினை மறவாதீர் என்பது அவற்றின் பொருள். அவர் ஓவியரும் அல்ல, வெல்ஷைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவரும் அல்ல. தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குப் பகுதியில் ஆங்கிலம் பேசும் குடும்பத்தில் பிறந்து, பெரியவனான பின் மொழியைக் கற்றவர். வெல்ஷ் இலக்கணப்படி அந்த இடத்தில் பள்ளத்தாக்குப் பெயரின் முதலெழுத்து மெலிய வேண்டும். முதலில் எழுதியபோது அதை மெலிக்காமல் விட்டார், பின்னால் வந்த கைகள் திருத்தின. அந்தத் தவறுக்காக அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. இலக்கணம் பிடிபடும் வரை பொறுத்திருந்தால் அந்தச் சுவர் வெற்றுச் சுவராகவே நின்றிருக்கும். இதே மனிதர் வேல்ஸ் கலைக் கழகத்தின் இலக்கியப் பிரிவுக்குப் பொறுப்பேற்று, 1967இலிருந்து இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் துணைநின்றார். 2018இல் காலமானார்.

அந்தச் சுவரைப் பார்க்கப் போனபோது மகள் காரை ஓரமாக நிறுத்தி, “அப்பா, பார்த்து இறங்குங்க, வண்டிங்க வேகமா வரும்” என்றாள். சிவப்புப் பூச்சின் மேல் வெள்ளை எழுத்து. தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு அங்கே குறை தென்படும். கோடு போட நூல் அடிக்கவில்லை. எழுத்துகள் ஒன்றுக்கொன்று சரியாக உட்காரவில்லை. பூசாத கருங்கல் மேடுபள்ளமாக இருப்பதால் பிரஷ் ஓடாது, குத்திக் குத்தித்தான் நிரப்ப வேண்டும். கடற்காற்றும் மழையும் அடிக்கிற இடத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. விரலால் தடவினேன், பெயர்ந்த இடத்தில் பழைய பூச்சுகளின் விளிம்பு அடுக்கடுக்காகத் தெரிந்தது. 60 ஆண்டுகளாக யார் யாரோ, கூலி வாங்காமல், கேட்பார் இல்லாமல், வெளுக்கும் போதெல்லாம் வந்து பூசியிருக்கிறார்கள். எழுதிய முதல் மனிதரின் பூச்சு இன்று எங்கோ அடியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அழிக்கவும் ஆட்கள் வந்தார்கள். 2019 பிப்ரவரியில் யாரோ அந்தச் சொற்களின் மேல் ‘எல்விஸ்’ என்று எழுதிவைத்தார்கள். இளைஞர்கள் வந்து பழையபடி எழுதினார்கள். ஏப்ரலில் சுவரின் ஒரு பகுதியையே தள்ளிவிட்டார்கள். உடனே தொண்டர்கள் திரண்டு விழுந்த கற்களை எடுத்து மறுபடி அடுக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. சில வாரங்களுக்குள் வேல்ஸ் முழுக்க அதே இரண்டு சொல் முளைத்தது. வீட்டுப் பக்கச் சுவரில், ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில், கராஜ் கதவில், பாலத்தடியில். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 17.8 சதவீதம்தான். அதே மக்களில் அந்த மொழி பேசத் தெரியாதவர்களின் சுவர்களிலும் இந்த எழுத்து இருக்கிறது.

பாலாவுக்குப் போகும் வழியில் இப்படிப் பல பிரதிகளைப் பார்த்தேன். சிலவற்றில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கியிருந்தார்கள். ஒன்றில் பெயின்ட் தண்ணியாகி வடிந்திருந்தது. ஒரு தகரக் கொட்டகையில் மட்டும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி அளந்து, ஓரம் பிசிறில்லாமல் எழுதியிருந்தது. அதை எழுதியவருக்கு முன்பே பிரஷ் பிடித்துப் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.