குதிரையேறிய கூலியாள்

ஒரே ஆண்டு இருவேறு நாடுகளில் இருவகைத் தொழிலாளரின் வாழ்வை மாற்றியமைத்ததுண்டு. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பார் கண்டி மலைநாட்டு லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் நகரில், மாடுகளைப் புகைவண்டியில் ஏற்றியனுப்பும் பெருஞ்சந்தை அமைந்தது. முன்னதன் பயனாக, கோப்பிக்கென வந்த தமிழ் மக்களின் வாழ்வு ஹற்றன், நுவரெலியா மலைச்சாரல்களில் தேயிலையோடு பிணைந்தது. பின்னதன் பயனாக, ரெக்சாஸ் புல்வெளியினின்று மந்தைகளை ஓட்டிவரும் 'கௌபோய்' தொழில் பெருகிற்று.

இக் கௌபோய் யாவன்? பிறருடைய மாட்டை மேய்த்த மாதச் சம்பளக்காரனே. கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அவருட் பலர். 1883இல் ரெக்சாஸில் மாதம் 50 டொலர் ஊதியங் கோரி அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்து தோல்வியுற்றனர்.

இவ்வுண்மை திரையில் மறைந்தது. 1935இல் தோன்றிய றிப்பப்ளிக் பிக்சர்ஸ் முதலான சிறு நிறுவனங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஓடும் படங்களைக் குறைந்த செலவில் விரைவாக எடுத்துத் தள்ளின. ஜீன் ஓற்றியும் றோய் றொஜர்ஸும் அவற்றில் பாடியவாறே குதிரையேறி நீதி நாட்டினர். ஆங்கே சம்பளப் பேச்சில்லை. மண்ணின் முதுகுடிகள் நிலமிழந்த துயரும் பெரும்பாலும் இல்லை. 1950களில் தொலைக்காட்சி அவற்றின் இடத்தைக் கவர்ந்தது. 1964இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனி, கிளின்ற் ஈஸ்ற்வூட்டை நாயகனாக்கி, இவ்வகைப் படங்களுக்குப் புத்துயிரளித்தார்.

அவ்வலை தமிழகத்தையும் எட்டியது. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) முதலியவற்றை எடுத்தார். குதிரையும் துப்பாக்கியும் மேனாட்டன, பெயர்களோ நம்மவை.

தமிழகப் படங்களையே பெரும் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த மலையகத்திற்கு இவ்வேடம் உணர்த்தும் பொருள் தனியானது. தோட்டத்திலே குதிரையும் தொப்பியும் துரைக்குரிய அடையாளங்கள். நுவரெலியாவில் 1875இல் அமைந்த குதிரைப் பந்தயத்திடலும் துரைமார் உலகத்தின் சின்னமே. தொழிலாளிக்குரியனவோ கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும். 1921இற் சட்டத்தால் நீக்கப்படும்வரை, துண்டு முறை அவனைக் கடனாற் கட்டிவைத்தது. அத்தகைய சமூகத்தின்முன் தமிழ் பேசும் ஒருவன் தொப்பியணிந்து குதிரையேறுவது வெறும் விளையாட்டன்று. துரையின் சின்னங்கள் கைமாறும் காட்சியாகும். இப்படங்களை மலிவானவை என ஒதுக்குவோர் இதனை எண்ணுவதில்லை.

எனினும் அக்காட்சி ஒரு மயக்கமும் உடையது. திரையில் துப்பாக்கி நாயகன் கையிலிருந்தது, தோட்டத்தில் அவ்வாறன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். மலையகத்தார் பெற்ற உரிமைகளும் தனிவீரன் ஒருவன் ஈட்டித் தந்தவையல்ல. சங்கமாய்க் கூடியோர் சிறுகச் சிறுகப் பெற்றவை.

மந்தையோட்டுந் தொழில் செழித்தது ஏறத்தாழ இருபதாண்டுகளே. அதன் கதையோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்கின்றது. ஆனால், கதை வாழக் கூலியாள் மறைந்தான். ஒன்றரை நூற்றாண்டு கண்ட தேயிலைத் தொழிலாளியின் வரலாறு கதையாகுங்கால் குதிரை இல்லாதிருப்பினும் குறைவில்லை; செக்ரோலில் அவன் பெயருக்கெதிரே எழுதப்பட்ட நாட்கூலி மறையாதிருத்தல் வேண்டும்.