தராசு சொல்லும் தீர்ப்பு: போதைப்பொருள் தண்டனைச் சட்டத்தின் வரலாறு

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கல்பாக்கத்துக்கு வடக்கே, மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு கடற்கரையில் ஒரு பீப்பாய் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்தவை பார்வைக்குத் தேயிலைப் பொட்டலங்கள். பரிசோதித்தபோது அது மெத்தாம்பெட்டமைன் என்று தெரிந்தது. இந்தப் பொருளை 50 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் இந்தியச் சட்டப்படி குறைந்தபட்சமே 10 ஆண்டு சிறை!

கடலில் மிதந்து வரும் பீப்பாயில் அனுப்பியவர் பெயர் எழுதியிருக்காது. பேருந்தில் பையோடு பிடிபடும் "குருவி"யின் விஷயமும் ஏறக்குறைய இதேதான். சரக்கு யாருடையது என்பது தெரியாமலே போகலாம். ஆனால் சரக்கின் எடை தெரியும். நம் சட்டம் அந்த எடையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி வந்தது?

கடையில் விற்ற காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் அபினும் கஞ்சாவும் முதலில் வருமானம். குற்றம் என்பதெல்லாம் பிறகுதான். 1857, 1878 அபின் சட்டங்கள் பயிரையும் விற்பனையையும் அரசின் கைக்குள் வைத்தன. கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. 1893-ல் அமைக்கப்பட்ட கஞ்சா விசாரணைக் குழு நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்பதே அதன் முடிவு.

1930-ல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. இதில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு, மறுபடியும் செய்தால் 4 ஆண்டு. குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. குற்றவாளி யார், என்ன நிலையில் செய்தார் என்று பார்த்து நீதிபதி தீர்மானிக்கலாம்.

1985: ஒரே தாவல்

1961-ல் உருவான ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அதில் 25 ஆண்டு அவகாசம் இருந்தது. அந்தக் கெடு நெருங்கியது. இன்னொரு பக்கம், இந்தியா வழியாகப் போகும் ஹெராயின் கடத்தலும் பெருகியது. இந்த நிலையில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்ததுதான் என்.டி.பி.எஸ். சட்டம். 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஹெராயின், அபின், சரஸ் போன்றவற்றுக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை. 1 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். கஞ்சாவுக்கு மட்டும் அதிகபட்சம் 5 ஆண்டு. 10 ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

பயன்படுத்துபவருக்கு ஒரு சிறு வாசல் வைத்திருந்தார்கள். ஹெராயின் என்றால் 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தால் அதிகபட்சம் 1 ஆண்டு. அந்த வாசல் எவ்வளவு குறுகல் என்பதற்குக் கேரளத்து வழக்கு ஒன்று சாட்சி. பிடிபட்டது 100 மில்லிகிராம் ஹெராயின், மதிப்பு 25 ரூபாய். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது 10 ஆண்டு சிறை, 1 லட்சம் அபராதம்! 1999-ல் உச்ச நீதிமன்றம்தான் அதை 1 ஆண்டாகக் குறைத்தது.

1989-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சட்டத்தை இன்னும் இறுக்கியது. ஜாமீன் அரிதானது. தண்டனைக் குறைப்பு நிறுத்தப்பட்டது. சில குற்றங்களை மறுமுறை செய்தால் மரண தண்டனை கட்டாயம் என்றானது. தீர்ப்பே வராமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களைப் பார்த்து 1994-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 10 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனை உள்ள வழக்கில் 5 ஆண்டு விசாரணைக் கைதியாக இருந்தவரை ஜாமீனில் விடலாம் என்றது.

2001: தராசு வந்தது

பெரிய கடத்தல்காரரும் போதைக்கு அடிமையானவரும் ஒரே தண்டனை பெறுவது சரியல்ல என்று அரசே ஒப்புக்கொண்டது. 2001 அக்டோபர் 2 முதல் தண்டனை மூன்று படிகளானது. சிறிய அளவுக்கு 6 மாதம் வரை (2014-ல் இது 1 ஆண்டானது). இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு.

ஹெராயின்: சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம்
கொக்கைன்: சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 100 கிராம்
கஞ்சா: சிறிய அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ

இது பெரிய சீர்திருத்தம்தான். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஹெராயினுக்கு இறங்கிய தண்டனை கஞ்சாவுக்கு ஏறியது! அதிகபட்சம் 5 ஆண்டாக இருந்தது, 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு என்றானது. மூட்டை தூக்கிய கூலியாளுக்கும் இதே கணக்குதான். சலுகையும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் புதிய சட்டம் பொருந்தும், ஏற்கனவே மேல்முறையீட்டுக்குப் போன வழக்குகளுக்குப் பொருந்தாது. இதை 2004-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

கலப்படத்துக்கும் தண்டனையா?

அடுத்த கேள்வி, எதை எடை போடுவது? மைக்கேல் ராஜ் வழக்கில் பிடிபட்டது 4 கிலோவுக்கு மேல். அதில் உண்மையான ஹெராயின் சுமார் 60 கிராம்தான். 2008-ல் உச்ச நீதிமன்றம் தூய பொருளைத்தான் கணக்கிட வேண்டும் என்று சொல்லித் தண்டனையைக் குறைத்தது. மறு ஆண்டே மத்திய அரசு கலவை முழுவதையும் எடை போட அறிவிக்கை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று, 2008 தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, இன்று கலந்த மாவும் எடையில் சேரும்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்தது தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்றது அது. கட்டாய மரண தண்டனையை 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2014 திருத்தத்தில் சட்டத்திலும் அது மாறியது.

வெளியே என்ன நடக்கிறது?

எடைக் கணக்கின் கடைசி எல்லை சிங்கப்பூர். அங்கே 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 42.72 கிராம் கொண்டுவந்து 2009-ல் பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2012 முதல் அங்கே நீதிபதிகள் எடையோடு, அந்த ஆளின் பங்கையும் பார்க்கிறார்கள். தலைமை தாங்கியவரா, முக்கியப் பங்கு வகித்தவரா, ஏவியதைச் செய்தவரா என்று பிரித்துத் தண்டிக்கிறார்கள்.

நம் சட்டத்திலும் 2001-ல் இதற்கு ஒரு பாதி இடம் கொடுத்தார்கள். ஆயுதம் பயன்படுத்தினாரா, சிறுவர்களை ஈடுபடுத்தினாரா என்று பார்த்து, குறைந்தபட்சத்துக்கு மேலே தண்டனையைக் கூட்டலாம். ஆனால் வறுமையால் ஒருமுறை பை சுமந்தவர் என்று பார்த்து அதற்குக் கீழே குறைக்க வழியில்லை.

1930-ல் நீதிபதியிடம் இருந்த அதிகாரம் 1985-ல் பறிக்கப்பட்டது, 2001-ல் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியும் வரும்வரை, சரக்கின் சொந்தக்காரர் செய்ய வேண்டிய சிறைவாசத்தைச் சுமை தூக்கியவரே செய்துகொண்டிருப்பார். தராசால் சரக்கை நிறுக்க முடியும். ஆளை நிறுப்பதற்குத்தானே நீதிபதி?