எண்ணெய் வார்த்த கல்

அரூர் பக்கம் வேடியப்பன் கோயில் என்று போனால், பல இடங்களில் உள்ளே இருப்பது ஒரு நடுகல்தான். பலகைக் கல்லில் வில்லும் கையுமாக ஒரு ஆள், தலைக்கு மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. ஆநிரை கவர்ந்தோ மீட்டோ பட்டுப்போன பல்லவர் காலத்து வீரன், இன்றைக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிற குலசாமி.

எங்கள் வீடு தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியது. ஆயா மட்டும் வேடியப்பனுக்கு எண்ணெய் ஊற்றுவதை விடவில்லை. உபதேசியார் கண்டித்தபோது, "உங்க யாக்கோபு ஊத்தலீங்களா சாமி?" என்று கேட்டாராம். பெத்தேலில் தலைக்கு வைத்துப் படுத்த கல்லை யாக்கோபு நட்டு எண்ணெய் வார்த்த கதை ஆதியாகமத்திலேயே இருக்கிறது. உபதேசியார் என்ன பதில் சொன்னார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆயா கேட்டதில் சரித்திரம் இருக்கிறது. யாக்கோபு ராகேலின் கல்லறை மேலும் தூண் நட்டார். மோசே சீனாய் மலையடியில் பன்னிரண்டு தூண் நிறுத்தினார். தன் பெயர் சொல்லப் பிள்ளையில்லையே என்று அப்சலோம் உயிரோடிருக்கும்போதே தனக்கொரு தூண் நாட்டிக்கொண்டான். பிறகு வந்த உபாகமம் தூணே கூடாது என்கிறது. தசமபாகம் கொடுப்பவன், 'இதிலிருந்து செத்தவருக்கு எதுவும் படைக்கவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. ஊரில் யாரும் படைக்காமலா இப்படிச் சொல்ல வைத்திருப்பார்கள்?

1960-களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி நெகேவ் பக்கத்து ஆராத் கோட்டையைத் தோண்டினார். யூதா அரசர் காலத்துக் கோயில் ஒன்று வெளிப்பட்டது. கருவறையில் உருவமில்லாத நெடுங்கல். முன்னால் இரண்டு தூப பீடங்கள். பீடங்களில் ஒட்டியிருந்த கரியை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள்: பெரியதில் பறங்கிச் சாம்பிராணி, சின்னதில் கஞ்சா. கல்லையும் பீடங்களையும் யாரோ அந்தக் காலத்திலேயே பதமாகக் கிடத்தி மண்போட்டு மூடியிருந்தார்கள்.

அதற்காக அவர்கள் கல்லும் நம் நடுகல்லும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இஸ்ரவேலர் நட்ட கற்களில் பெரும்பாலானவை கடவுளுக்கும் உடன்படிக்கைக்கும் சாட்சி. நம்முடையது செத்தவனுக்கு. தகடூர் அதியமான் அஞ்சி பட்டபோது, மயிற்பீலி சூட்டிய நடுகல்லுக்குச் சின்னக் கலத்தில் கள் படைப்பதைச் சொல்லித்தான் ஔவை புறநானூற்றில் புலம்புகிறாள். எருசலேமில் இது எடுபட்டிருக்காது.

கி.மு. 622 வாக்கில் யோசியா ராஜா நாடெங்கும் தூண்களை உடைத்தான். பெத்தேலில் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை எடுத்து எரித்தான். அங்கே ஓர் அடையாளத்தைக் கண்டு, அது என்ன என்று கேட்டான். யூதாவிலிருந்து வந்த தேவமனிதனின் கல்லறை என்றார்கள் ஊர்க்காரர்கள். அதை மட்டும் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

இடிக்க வந்தவனுக்கே கேட்கத் தோன்றியிருக்கிறது. கும்பிட்டுக்கொண்டே இருந்த நாங்கள் கேட்கவில்லை. 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராக வந்து எங்கள் பக்கத்துக் கற்களைப் படியெடுத்தது. பல்லவ அரசனின் ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு (ஆநிரை), செத்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்று பல கற்களில் எல்லாமே எழுதித்தான் இருந்தது. எழுத்தின் மேல் எங்கள் எண்ணெய்.