கொழுத்த மாடும் மெலிந்த உழவனும்

மாடு கொழுக்கிறது, அதைக் கொழுக்க வைத்தவன் மெலிகிறான்! ஏன் இந்த முரண்? "அவன் தலைவிதி" என்பர் சிலர். "சந்தையின் நியதி" என்பர் சற்றுப் படித்த சிலர். முன்னது பழைய விதி. பின்னது அதே விதி, புத்தாடை புனைந்து வந்திருக்கிறது, அவ்வளவே! இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்க நாட்டு மாட்டுச் சந்தையின் வரலாற்று ஏடுகளைப் புரட்டுவோம், தோழர்களே! அங்கே மாடு தெய்வமன்று, வாணிபச் சரக்கு. ஆதலின், விலை என்பதன் மெய்யான முகத்தைத் திரையின்றிக் காணலாம்.

முதலில் தொழிலின் கணக்கை அறிவோம். இறைச்சிக்கென மாடு கொழுக்க வைப்பவன், புல்வெளியில் வளர்ந்த இளமாட்டை விலைக்கு வாங்குகிறான். பட்டியில் அடைத்துப் பல திங்கள் மக்காச்சோளம் ஊட்டுகிறான். எடை ஏறியதும் விற்கிறான். மாட்டின் விலை, தீவனத்தின் விலை, கடனுக்கு வட்டி ஆகிய மூன்றும் அவன் கையை விட்டு முன்னரே போய்விடுகின்றன. வரப்போகும் விலையோ அவனுக்குத் தெரியாது! "விலை ஏறட்டும், பொறுத்திருப்போம்" என்று எண்ணவும் வழியில்லை. நெல்லைக் குதிரிலிட்டு வைக்கலாம். மாட்டை அவ்வாறு வைக்க முடியுமா? அது நாள்தோறும் தின்னும். கொழுப்பு முற்ற முற்ற, ஒரு ராத்தல் எடை கூட முன்னிலும் மிகுதியான தீவனம் வேண்டும். விற்பவன் விற்றே ஆகவேண்டும்; வாங்குபவனோ நாளைக்கும் வாங்கலாம். அமெரிக்க மாட்டுச் சந்தையின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே சுழல்கிறது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாசில் மாடுகள் மலிந்து கிடந்தன. அங்கே 4 டாலர் அளவில் விலைபோன மாடு, வடபுலத்து நகரங்களில் 40 டாலர் வரை பெற்றது. இடையே இருந்தது தூரம். அதனை வென்றவர் ஜோசப் மெக்காய். 1867இல் கான்சாசின் அபிலீன் என்னும் சிற்றூரில், இருப்புப்பாதை ஓரத்தில் பட்டிகள் அமைத்தார். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 35,000 மாடுகள் அவ்வூர் வந்து சேர்ந்தன. அங்கிருந்து புகைவண்டி ஏறிச் சிக்காகோ சென்றன.

சிக்காகோவில் 1865 டிசம்பர் 25ஆம் நாள் ஒரு மாபெரும் மாட்டுச் சந்தை திறக்கப்பட்டிருந்தது. அதனை நிறுவப் பணமிட்டவை இருப்புப்பாதை நிறுவனங்கள். சந்தைக்குள் நுழைந்த மாட்டுக்குத் திரும்பும் வழி உண்டோ? நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்த மாட்டை, விலை பிடிக்கவில்லையென்று வீட்டுக்கு ஓட்டிச் செல்வார் யார்?

பின்னர் வந்தார் கஸ்டாவஸ் ஸ்விப்ட். உயிர்மாட்டைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்புவது வீண்செலவு என்று கண்டார். மாட்டின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவான பகுதி இறைச்சியாவதில்லை; அதற்கும் சேர்த்து வண்டிக் கூலி கொடுப்பதேன்? 1878 வாக்கில், பொறியாளர் ஆண்ட்ரு சேஸின் துணையோடு பனிக்கட்டியிட்ட குளிர்வண்டியை உருவாக்கினார். சிக்காகோவிலேயே வெட்டிய இறைச்சி கெடாமல் கிழக்கே சென்றது. அறிவியல் ஈந்த அருமையான பயன் அது! பழி அறிவியல் மேலன்று. குளிர்வண்டியும் கொலைக்கூடமும் எவர் கையில் குவிந்தன என்பதே கேள்வி. ஆர்மர், ஸ்விப்ட், மாரிஸ், ஹாமண்ட் என நால்வர் கையில் குவிந்தன!

புல்வெளியிலோ பேராசைக் காய்ச்சல். பிரிட்டனிலிருந்தும் முதல் வந்து குவிந்தது. புல் தாங்காத அளவுக்கு மந்தைகள் பெருகின, விலை சரிந்தது. 1886-87ஆம் ஆண்டின் கொடும் பனியில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. "இயற்கையின் சீற்றம்" என்றனர். பனி இயற்கையின் செயலே. பசித்த மந்தையைப் பனியின் முன் நிறுத்தியது யார் செயல்?

இனி, விதியை நொந்து கிடவாமல் கணக்குக் கேட்டோரின் வரலாறு. மாட்டு விலை ஏன் வீழ்ந்தது என ஆராய்ந்த செனட் குழு, 1890இல் அறிக்கை தந்தது. சிக்காகோ நால்வரின் கூட்டே முதற் காரணம் என்றது. 1905இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டைக் கேளுங்கள்: இறைச்சி முதலாளிகள் தமக்குள் போட்டியிட்டு விலை கேட்பதில்லை, சில நாள் விலையை உயர்த்திக் காட்டுவர், அதை நம்பி மாடுகள் வந்து குவிந்ததும் வீழ்த்துவர்! தீர்ப்பு முதலாளிகளுக்கு எதிராக அமைந்தது. 1917இல் குடியரசுத் தலைவர் வில்சன் மீண்டும் ஆராயப் பணித்தார். 1920இல் ஐந்து பெருநிறுவனங்கள் சந்தைகளின் உடைமையைக் கைவிட ஒப்பின. 1921இல் இறைச்சி நிறுவனங்களையும் கால்நடைச் சந்தைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது.

வெற்றி நிலைத்ததா? ஓரளவு நிலைத்தது. 1977இல் நான்கு பெருநிறுவனங்களின் பங்கு 25 விழுக்காடு அளவிலேயே இருந்தது. பின்னர் நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கின, காவல் உறங்கியது. பட்டியில் கொழுக்க வைத்த மாடுகளுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டை இன்று வெட்டுவன நான்கே நிறுவனங்கள்! 2019 ஆகஸ்டில் கான்சாசின் ஹால்கம் ஊரில் ஒரு பெரும் கொலைக்கூடம் தீப்பற்றியது. உடனே மாட்டின் விலை வீழ்ந்தது. இறைச்சியின் விலை ஏறியது! விற்ற உழவனுக்கும் இழப்பு. வாங்கி உண்டவனுக்கும் இழப்பு.

2024 தொடக்கத்தில் அந்நாட்டின் மாட்டுத்தொகை 1951க்குப் பிறகு காணாத அளவு சுருங்கி, 8 கோடியே 72 இலட்சமாயிற்று. மாடு அருகியதால் விலை ஏறியது, மெய்தான். ஆயினும், கொழுக்க வைப்பவன் வாங்கும் இளமாட்டின் விலையும் உடன் ஏறிற்றே! விற்ற விலை உயர்ந்தாலே இலாபம் என்று எண்ணுவது அரைக்கணக்கு. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே தீவனமும் வட்டியும் போக மிஞ்சுவது என்ன என்பதே முழுக்கணக்கு.

வகுப்பறையில் வரலாறு சொல்லும் நாம் இதிலிருந்து கற்பது ஒன்று. விதியென்று இருந்தவர் இழந்தனர். கணக்குக் கேட்டவர் சட்டம் பெற்றனர். சட்டம் பெற்றபின் கண்ணயர்ந்தவர் மீண்டும் இழந்தனர். "விலை வீழ்ந்தது" என்று எவரேனும் உரைக்கும்போது, இளைஞர்களே, உடனே கேளுங்கள்: தானாக வீழ்ந்ததா, வீழ்த்தப்பட்டதா? வீழ்த்திய கை எது?