ஒரு கப் காபியும் 27 லட்சம் டாலரும்



"அமெரிக்காவில் ஒரு பாட்டி தன் மேலேயே காபியைக் கொட்டிக்கொண்டு, கடை மேல் கேஸ் போட்டு கோடிக்கணக்கில் வாங்கிவிட்டார்" என்ற செய்தி உங்கள் செல்பேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். கூடவே இன்னொன்றும் வரும். வேன் ஓட்டிய ஒருவர், வேகத்தைச் சீராக வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, பின்பக்கம் போய் காபி போட்டாராம். வண்டி கவிழ்ந்ததும் நஷ்டஈடு வாங்கினாராம்! இந்த இரண்டாவது கதை வெறும் கற்பனை. முதல் கதை உண்மையில் நடந்தது. ஆனால் அதில் பாதிதான் நமக்கு வந்து சேர்ந்தது. மீதியைப் பார்ப்போம்.

1992 பிப்ரவரி 27. நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி நகரம். 79 வயதான அந்த அம்மையார், பேரன் ஓட்டிய காரில் அமர்ந்தபடியே மெக்டொனால்ட்ஸ் கடையில் 49 சென்ட்டுக்கு ஒரு காபி வாங்கினார். பாலும் சர்க்கரையும் கலப்பதற்காகப் பேரன் காரை ஓரமாக நிறுத்தினார். கப்பை முழங்கால்களுக்கு இடையே வைத்து மூடியைத் திறந்தபோது காபி முழுவதும் மடியில் கொட்டியது. அணிந்திருந்த பருத்தி உடை சூட்டை உறிஞ்சி, தோலோடு ஒட்டிக்கொண்டது. உடலின் 6 சதவீதப் பரப்பில் மிக ஆழமான தீக்காயம். 8 நாள் மருத்துவமனை வாசம், தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை என்று பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் முதலில் கேட்டது கோடிகள் அல்ல. மருத்துவச் செலவு உள்ளிட்ட வகையில் சுமார் 20,000 டாலர் மட்டுமே. நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர்! அதன் பிறகுதான் வழக்கு.

1994 ஆகஸ்ட்டில் விசாரணை நடந்தது. காபி கொட்டியதற்கெல்லாம் ஒரு வழக்கா என்று ஜூரிகளில் சிலரே ஆரம்பத்தில் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் சாட்சியங்கள் வர வர நிலைமை மாறியது. வீட்டுக் காபியைவிட மிக அதிகமாக, 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் காபி தர வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அந்தச் சூடு பட்டால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் வெளிவந்தது. முந்தைய பத்தாண்டுகளில் காபி சுட்டதாக 700க்கும் மேற்பட்ட புகார்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தன. விற்கும் கோடிக்கணக்கான கப்புகளோடு ஒப்பிட்டால் அது பெரிய எண்ணிக்கை இல்லை என்பது நிறுவனத்தின் பதில். எண்ணிக்கைக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பதை ஜூரிகள் பார்த்தார்கள்.

தீர்ப்பு என்ன? இழப்பீடு 2,00,000 டாலர். அம்மையார் மீதும் 20 சதவீதத் தவறு உண்டு என்று அதை 1,60,000 ஆகக் குறைத்தார்கள். நிறுவனத்துக்குப் பாடம் புகட்டத் தனியாக 27 லட்சம் டாலர் விதித்தார்கள். அது எப்படி வந்த கணக்கு தெரியுமா? நிறுவனத்தின் சுமார் இரண்டு நாள் காபி விற்பனை!

நீதிபதி அந்த 27 லட்சத்தை 4,80,000 ஆகக் குறைத்தார். ஆக மொத்தம் 6,40,000 டாலர். மேல்முறையீடு முடிவதற்குள் இரு தரப்பும் வெளியிடப்படாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன. ஆனால் உலகம் நினைவில் வைத்தது 27 லட்சத்தை மட்டும்தான். தொலைக்காட்சியில் கேலி செய்தார்கள். நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் இந்த வழக்கே உதாரணமாயிற்று. 2011இல் வந்த 'ஹாட் காபி' என்ற ஆவணப்படம்தான் பலருக்கு முழுக் கதையையும் சொன்னது. அதைப் பார்க்க அந்த அம்மையார் இல்லை, 2004இலேயே காலமாகிவிட்டார்.

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. அந்த ஜூரிகளைக் கோபப்படுத்தியது கொட்டிய காபி அல்ல. கவனிக்கப்படாத 700 புகார்கள். லிப்ட் ஆடுகிறது, மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது என்று யாராவது புகார்ப் புத்தகத்தில் எழுதினால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நாம் யாரும் சிரித்துவிட வேண்டாம். நீங்களும் எழுதத் தயங்காதீர்கள்.

அடுத்த முறை அந்தப் பாட்டி கதை உங்கள் செல்பேசிக்கு வந்தால், மீதிப் பாதியையும் சேர்த்து அனுப்புங்கள்.